அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்தால் ஃபார்மட் செய்யாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் மலேசியாவின் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகள். "அக்கா, அப்டேட் ஆச்சு, ஸ்கிரீன் கறுப்பா நிக்குது. ஃபார்மட் பண்ணிடவா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அப்டேட் உங்கள் கோப்புகளைத் தொடுவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் முந்தைய பதிப்பையும் உபுண்டு உடனே நீக்கிவிடாது. முதலில் அதை எழுப்புங்கள்.

மறுபடி தொடங்கி, தயாரிப்பாளர் சின்னம் தெரிந்ததும் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருங்கள். எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்துவிட்டால், திரை அட்டையை இயக்கும் டிரைவர் புதிய கெர்னலோடு சேரவில்லை என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். அதிலும் வராவிட்டால் மெனுவிலேயே 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 தட்டுங்கள். படம் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே போகலாம். அடுத்த முறை தொடங்கும்போது இந்த மாற்றம் இருக்காது.

உள்ளே வந்ததும் கை பரபரக்கும். எதையும் நீக்காதீர்கள், முதலில் பாருங்கள். கட்டளை எழுதும் டெர்மினலில் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' (dkms status) கொடுங்கள். டிகேஎம்எஸ் என்பது டிரைவரைக் கெர்னலுக்கு ஏற்றபடி கட்டித் தரும் கருவி. அதன் வழியாகப் போட்ட என்விடியா திரை அட்டையின் டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டியாக வேண்டும். அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு (கட்டுவதற்கு வேண்டிய கோப்புகள்) தேவை. புதிய கெர்னல் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்ட்' இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஹெடர்ஸைப் போட்டுவிட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' (dkms autoinstall) ஓட்டுங்கள். நீங்கள் இப்போது இருப்பது பழைய கெர்னலில். ஆகவே 'மைனஸ் கே' (-k) போட்டுப் புதிய எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கே கட்டிவிட்டு நின்றுவிடும்.

இங்கே சாயந்திர இடிமழையில் கரண்ட் போய் அப்டேட் பாதியில் நிற்பதும் உண்டு. அப்படியானால் 'டிபிகேஜி' கட்டளையை 'கன்ஃபிகர்', 'ஏ' விருப்பங்களோடு (dpkg --configure -a) ஓட்டி, விட்ட வேலையை முடிக்க வையுங்கள்.

'இன்ஸ்டால்ட்' என்று இருந்தும் டிரைவர் ஏறவில்லையா? கணினி தொடங்கும்போது காவல் காக்கும் 'செக்யூர் பூட்' (Secure Boot) வசதியைச் சந்தேகியுங்கள். கையொப்பமில்லாத மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டை, அது உள்ளே விடாது. டிரைவரை மறுபடி நிறுவினால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த துவக்கத்தில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' (Enroll MOK) தேர்ந்து அதையே கொடுங்கள். பலர் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து 'கன்டினியூ' தட்டிவிடுகிறார்கள்.

லோயாட் பிளாசா பக்கம் ஜிடி 710 அட்டை வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. அது என்விடியாவின் பழைய கெப்ளர் வகை. என்விடியா அதற்குக் கொடுத்த கடைசி டிரைவர் வரிசை 470. புதிய கெர்னலில் அது கட்ட மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். என்விடியா தொகுப்புகளை 'பர்ஜ்' செய்து, அதாவது அமைப்புகளோடு முழுதாக நீக்கி, மறுபடி தொடங்குங்கள். கெர்னலோடு வரும் நூவோ டிரைவர் தானே ஏறிக்கொள்ளும். கேம் ஆட முடியாது, ஆனால் பள்ளி வேலைக்கும் பிரௌசருக்கும் அது தாராளம்.