லாரிப் பட்டையில் லோடர் பக்கெட்டுக்குப் பல் சட்டம்

சித்திரை வெயிலில் காய்ந்த நம் பக்கத்துச் செம்மண்ணில், டிராக்டர் லோடரின் மொட்டை பக்கெட் மேலே சுரண்டிக்கொண்டு போகுமே தவிர உள்ளே இறங்காது. சீமைக்கருவேல வேரோ செம்பராங்கல்லோ குறுக்கே வந்தால் அதுவும் நின்றுவிடும். பல் வைத்தால் அதே டிராக்டர் மண்ணைக் குத்திப் பிளக்கும். அகலம் முழுக்கப் பரவிய விசை சில முனைகளில் குவிவதுதான் காரணம்.

ஆனால் பல்லை பக்கெட்டிலேயே வெல்டு வைத்துவிடாதீர்கள். களம் சமன் செய்யவும் மணல் அள்ளவும் மொட்டை விளிம்புதான் வேண்டும். தவிர, விளிம்புப் பட்டை பெரும்பாலும் கடினமான எஃகு. புதிய கை வைக்கும் வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். கழற்றி மாட்டும் சட்டமே நல்லது. இங்கே சொல்லும் அளவுகள் 5 அடி பக்கெட்டுக்கு.

முதலில் இரும்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலையில் பாதி இதுதான். காரைக்குடிப் பழைய இரும்புக் கடைகளிலும், புதுவயல் பக்கம் மில் சாமான் கழிக்கும் இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். துருவை வைத்து இரும்பை எடை போடாதீர்கள். கிரைண்டரை இரும்பில் லேசாக வைத்துப் பொறியைப் பாருங்கள். பொறி நீளமாக, நேராக, கிளை குறைவாகப் போனால் மைல்டு ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த சாதாரண இரும்பு. தாராளமாக வெல்டு வைக்கலாம். கிரைண்டர் கல்லுக்குப் பக்கத்திலேயே பூப்பூவாக வெடித்தால் கார்பன் அதிகம்; லாரிப் பட்டை, அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டை, இப்படித்தான். குட்டையாக, மங்கிய சிவப்பில் விழுந்தால் வார்ப்பிரும்பு. அதை எடுக்கவே வேண்டாம்.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் வார்ப்பிரும்புத் தூண் பார்க்கக் கனமாக இருக்கும். அடி விழுந்தால் உடையும். அது முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பும் வேண்டாம், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மூடிய டிரம், டேங்க், ஷாக் அப்சார்பர் எதையும் வெட்டாதீர்கள். வெடிக்கும்.

தேவையானவை: 100 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள மைல்டு ஸ்டீல் பிளாட் (நீளமான தட்டை இரும்பு), அதே கனத்தில் துண்டுகள், சுமார் 70 மி.மீ. அகலமுள்ள லாரிப் பட்டை 7. பட்டையின் நடுத்துளை முழுசாக இருக்கிறதா பாருங்கள். பட்டை முறிவது பெரும்பாலும் அந்தத் துளையில்தான்.

சட்டம்

பிளாட்டை பக்கெட்டின் உள் அகலத்தைவிட 4 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். அது விளிம்பின் மேல் பாதி உட்கார, பாதி முன்னே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரு முனைகளிலும் காது மாதிரி 12 மி.மீ. தகடு, பக்கெட்டின் பக்கச் சுவரை எட்டும் நீளத்தில். ஒவ்வொரு காதுக்கும் 16 மி.மீ. போல்ட் இரண்டு, 8.8 கிரேடு. பக்கெட்டில் நாம் போடும் துளை இந்த நான்கு மட்டுமே.

போல்ட் மட்டும் போதாது. பல்லை மண்ணில் நெம்பும்போது சட்டத்தின் பின்பக்கம் தூக்கும். அதைத் தடுக்க, முன்னே நீட்டிய பாதியின் அடியில் பக்கெட் விளிம்பைவிட 2 மி.மீ. கூடுதல் கனத்தில் ஒரு துண்டு, அதற்கும் கீழே விளிம்புக்கு அடியில் 5 செ.மீ. பின்னோக்கிப் போகும் நாக்கு. விளிம்பு அந்த வாய்க்குள் சொருகி நிற்கும். இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு நாக்கு வையுங்கள், ஆக ஆறு. விளிம்பு தேய்ந்திருக்கும் என்பதால் கனத்தை நாலைந்து இடத்தில் அளந்து பெரிய அளவை எடுங்கள்.

பல்

பட்டையில் வெல்டு வைக்கவே கூடாது. சூடாகி ஆறும்போது வெல்டு ஓரம் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். துளை போடுவதும் பாடு. அதனால் இருக்கும் நடுத்துளையையே பயன்படுத்துகிறோம்.

துளைக்குப் பின்னால் 7.5 செ.மீ., முன்னால் 14.5 செ.மீ. விட்டு மெல்லிய கட்டிங் டிஸ்கால் வெட்டுங்கள். கேஸ் கட்டிங் வேண்டாம். முனையை விட்டு விட்டுத் தேயுங்கள். நீலம் பாய்ந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம்.

சட்டத்தின் முன் ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. உள்ளே, பட்டைத் துளைக்குச் சமமாகத் துளையிடுங்கள். முதலும் கடைசியும் ஓரத்திலிருந்து 6 செ.மீ., இடையில் 23 செ.மீ. வீதம். பல்லின் பின்பகுதிக்கு இருபக்கமும் தடுப்பு, மேலே ஒரு மூடி வைத்து உறை கட்டுங்கள். பல் முன்னாலிருந்து உள்ளே நுழையும், ஒரு போல்ட் அதைப் பிடிக்கும். உறையை வெல்டு வைக்கும்போது பல்லைக் கழற்றிவிட்டு, அதே அளவு சாதாரண இரும்புத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங்

பெயின்ட், துரு, எண்ணெய் எல்லாம் பளபளப்பாகும்வரை போகட்டும். ஓரங்களைச் சாய்வாகத் தேயுங்கள். 7018 ராடு, 3.15 மி.மீ., 100 முதல் 130 ஆம்பியர். ராடு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, பக்கெட்டில் சொருகிப் பார்த்து, சரி என்றால் கழற்றி எடுத்துத் தரையில் வைத்து முழு வெல்டு. டிராக்டரில் மாட்டியபடியே வெல்டு வைத்தால் கரண்ட், லோடர் மூட்டுகளின் பின், புஷ், வயரிங் வழியாகப் பாயலாம். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். இல்லையென்றால் சட்டம் வளையும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்.

எடை பார்க்கச் சுலபமான கணக்கு: அகலம் × கனம் (மி.மீ.) × 0.00785 = மீட்டருக்குக் கிலோ. வெறும் பிளாட் மட்டும் ஒன்றரை மீட்டருக்கு 14 கிலோ, பட்டை 10 மி.மீ. கனம் என்றால் ஏழு பற்களும் சேர்ந்து எட்டரை கிலோ. காது, நாக்கு, உறையையும் கூட்டி, லோடர் தூக்கும் அளவில் கழித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பக்கெட் தரையில் இருக்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். தூக்கி நிறுத்திய பக்கெட்டின் கீழ் கை நீட்டக்கூடாது. ஓட்டும்போது ஓரப் பல் ஒன்றை மட்டும் பாறையில் மாட்டி நெம்பாதீர்கள். லோடர் கைதான் முறுகும். முதல் அரை மணி நேரம் வேலை முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கி, நாக்கின் வெல்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால் மேலே பூசாமல், தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.