கொள்ளைநோய்க்குப் பிறகு ஒரு அக்காவும் தம்பியும்: காவிரி டெல்டாவில் கதை எழுத

முதலில் வயிற்றுக் கணக்கு. பதினாறு வயது அக்கா, ஒன்பது வயது தம்பி. நாளுக்கு அரைக்கிலோ அரிசி என்றால் வருஷத்துக்குச் சுமார் 180 கிலோ. நெல்லில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் அரிசி தேறும். ஆக 60 கிலோ மூட்டை ஐந்து வேண்டும். பத்தாயத்தில் நெல் கிடந்தால் மட்டும் போதாது, அரிசி மில்லுக்குக் கரண்ட் இல்லை. உரல், உலக்கை, முறம். தம்பி பத்துக் குத்து குத்திவிட்டு, "கை எரியுதுக்கா" என்று உள்ளங்கையைக் காட்டட்டும். அந்தக் கொப்புளம் பத்துப் பக்க வருணனைக்குச் சமம்.

அடுத்தது தண்ணீர். பலரும் சறுக்குவது இங்கேதான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 என்று எழுதிவிட்டு ஆற்றில் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். மதகைத் திறக்க ஆள் வேண்டாமா? அந்தத் தண்ணீரை நம்பி நடும் குறுவை நெல்லை மறந்துவிடுங்கள். ஐப்பசி மழையை நம்பி ஒருபோகம்தான். போர் மோட்டாரும் ஓடாது. தெருமுனை அடிபம்பு வாஷர் தேயும்வரை காப்பாற்றும். வாஷருக்காக அடுத்த ஊர் போவதே ஒரு அத்தியாயம்.

உப்புக்கு வேதாரண்யம். தீப்பெட்டி ஐப்பசியில் நமுத்துப்போகும்; அடுப்புக் கங்கைச் சாம்பலில் மூடிவைக்க அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வில்லன் கும்பல் அவசியமில்லை. பேதி போதும். அதற்குக் குடிக்கக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எல்லாம் தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து. இருட்டில் அளக்கும் அக்காவின் கை நடுங்கட்டும்.