வாயாடி என்று சொல்லும் முன்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ். அண்ணன் மகளுக்கு ஆறு வயது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உப்பளங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "அத்தை, மழை பெஞ்சா அந்த உப்பு கரையாதா? பனைமரத்துக்கு ஏன் கிளையே இல்ல?" பின் சீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "சரியான வாயாடி" என்றார். பிள்ளை சட்டென்று அடங்கிவிட்டாள். இறங்கிய பிறகு கேட்டாள்: "வாயாடின்னா கெட்டவளா அத்தை?"

அந்த அம்மா செல்லமாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லில் சண்டை வாடை உண்டு. எதிர்த்து வாதாடுவதும் வாயாடுவதுதான். பெரும்பாலும் பெண்பிள்ளைகள் தலையில்தான் அது விழுகிறது. அதே அளவு பேசும் பையன் 'கலகலப்பானவன்' ஆகிவிடுகிறான். கேள்வி கேட்கும் குழந்தைக்கு இந்தப் பெயரை வைக்காதீர்கள். பேச்சைக் குறிக்கும் சொற்களில் நாம் செய்யும் மற்ற தவறுகளெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

எழுதும்போது வளவளவையும் வழவழவையும் பலர் குழப்புகிறார்கள். சுருக்கமாக முடிய வேண்டியதை இழுத்துக்கொண்டே போவது வளவள. பிடிகொடுக்காமல் நழுவுவது வழவழ கொழகொழ. அப்படி நழுவ இரண்டு வார்த்தையே போதும். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி நச்சரித்தால் தொணதொண. இவையெல்லாம் இரட்டைக்கிளவி. 'வள வள' என்று இடம் விட்டு எழுதக்கூடாது. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பிய விதி.

ஓட்டைவாய்க்கும் பேச்சின் அளவுக்கும் சம்பந்தமில்லை. நாளெல்லாம் நாலே வார்த்தை பேசுகிறவர், அதில் ஒன்றில் அடுத்தவர் ரகசியத்தைக் கொட்டினால் அவர்தான் ஓட்டைவாய்.

மறதி நோய் வந்த பெரியவர் சொன்னதையே சொல்லும்போது 'தொணதொணப்பு' என்று சலித்துக்கொள்வதும் தவறு. சற்று முன் சொன்னது அவர் நினைவில் இல்லை. அவருக்கு அது முதல் தடவை.

பெரியவர்களிடம் குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் நன்னூல் வழி நல்லது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் (எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது) ஆகிய மூன்றும் நம் பேச்சுக்கும் அப்படியே பொருந்தும். அங்கே குற்றம் கூற்றின் மேல்தான், ஆளின் மேல் இல்லை. 'நீங்கள் அறுவை' என்பதைவிட, 'இதை முன்பே சொல்லிவிட்டீர்கள்' என்றால் எதிராளி திருத்திக்கொள்ள ஒரு வழி கிடைக்கிறது.

திரும்பி வரும்போது அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ஆறுமுகநேரி தாண்டியதும் நானாகத்தான் பனைமரத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது.