ஓப்பன் டை ஃபோர்ஜிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூடேற்றிய உலோகத்தை அடித்து உருவாக்கும் முறைகளில் ஒன்றான ஓப்பன் டை ஃபோர்ஜிங்கில், உலோகத்தை நாற்புறமும் அடைத்துப் பிடிக்கும் அச்சு கிடையாது. இரண்டு தட்டையான டைகளுக்கு (அடிக்கும் அச்சுகளுக்கு) இடையே அடிபடும் எஃகு, தடையில்லாத பக்கமெல்லாம் ஓடும். இங்கே நேரும் தவறுகளில் பல, மேற்பரப்பு நகர்ந்து நடுப்பகுதி நகராமல் நின்றுவிடுவதால் வருபவை.

தவறு பெரும்பாலும் உலையிலேயே தொடங்கிவிடுகிறது. மேலே மஞ்சள் நிறம் ஏறியதுமே துண்டை வெளியே எடுத்துவிடுகிறார்கள். பருமனான துண்டில் அந்த நிறம் உள்ளே சூடேறியதற்குச் சான்றாகாது, சற்று நேரம் அதே சூட்டில் ஊற விடவேண்டும். அவசரத்தில் வெப்பத்தைக் கூட்டுவது அதைவிட மோசம். பொறி பறக்கத் தொடங்கிய கார்பன் எஃகு கருகிவிட்டது என்று பொருள். அதை எந்தப் பதப்படுத்தலாலும் மீட்க முடியாது. மென் எஃகை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் அடிக்கத் தொடங்கி, 850 டிகிரியை நெருங்கும்போது மறுபடி உலையில் வைப்பது நல்லது.

கம்பியை நீட்டும்போது மெல்லிய அடிகளையே அடுக்கிக்கொண்டு போனால் தோல் மட்டும் நீண்டு, முனை மீன்வாய்போல் குழிந்துவிடும். ஓர் அடியில் டை கவ்வும் நீளம், அந்த அடியில் குறையும் கனத்தைவிடச் சிறியதாக இருந்தாலோ, உலோகம் தன்மேலேயே மடிந்துகொள்ளும். அந்த மடிப்பு அடுத்த அடியில் தட்டையாகி மறைந்துவிடுவதுதான் பெரிய தொல்லை: கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருந்து, பின்னர் விரிசலாகவே வெளிவரும்.

இவற்றிலெல்லாம் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது, உருளைக் கம்பியைத் தட்டையான டைகளுக்கு இடையே உருட்டி உருட்டி அடித்தே பருமனைக் குறைப்பது. வளைந்த பரப்பில் டை மெல்லிய கோடாகவே படுவதால் நடுவில் குறுக்கு இழுவிசை உண்டாகி, மையம் பிளந்துவிடும். ஜெர்மனியின் மன்னெஸ்மான் சகோதரர்கள் 1880களில் இதே போக்கை வேண்டுமென்றே பயன்படுத்தித்தான் தையலில்லாக் குழாய் (பற்றவைத்த இணைப்பு இல்லாத குழாய்) செய்தார்கள். நமக்கோ குழாய் வேண்டாம். எனவே முதலில் சதுரமாக்கி, தேவையான அளவுக்குச் சிறுக்கவைத்து, பிறகு மூலைகளை அடித்து எண்கோணமாக்கி, கடைசியில்தான் உருட்டவேண்டும்.

அப்செட்டிங்கில், அதாவது நெட்டுக்குத்தாக நிறுத்தி அடித்துப் பருமனாக்குவதில், உயரம் விட்டத்தைப்போல் 3 மடங்குக்கு மேல் போனால் துண்டு வளையும், 2.5 மடங்குக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வளைவு தெரிந்ததும் படுக்கவைத்து நிமிர்த்தாமல் தொடர்ந்து அடித்தால், வளைவின் உட்புறம் மடிப்பாகிவிடும்.

அடிக்கு நடுவே உதிரும் செதிலை, அதாவது சூட்டில் எஃகின்மேல் படியும் ஆக்சைடு ஏட்டை, தட்டிவிட மறக்கவேண்டாம். அழுந்திய செதில் பரப்பில் குழியாக நிற்கும்.