ஊர்க்கோயில் திருப்பணியில் நாம் செய்யும் தவறுகள்

வரி போட்டு, உபயதாரர்களைப் பிடித்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டால் ஊரே பரபரப்பாகிவிடும். கோயில் பளிச்சென்று ஆகவேண்டும். இந்த ஆசையில்தான் ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டு எழுத்துகளை ஒரே வாரத்தில் அழித்துவிடுகிறோம்.

மிகப் பெரிய கேடு மணல் வீச்சு. எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுண்ணாம்பும் போகட்டும் என்று கருங்கல்லின் மேல் மணலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். கல்லின் மேல்தோலே பெயர்ந்து வந்துவிடும். கல்வெட்டு எழுத்தின் ஆழமோ சில மில்லிமீட்டர்தான். அறநிலையத் துறை தடை செய்த முறை இது. "சீக்கிரம் முடியும்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்த எழுத்துகள் நம் ஊரின் பத்திரங்கள். எந்த நிலம் கோயிலுக்கு விடப்பட்டது, அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு யார் 96 ஆடு கொடுத்தார், எந்த வாய்க்கால் எங்கே பாய்ந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகளே உத்திரமேரூரில் கோயில் சுவரில்தான் வெட்டப்பட்டுள்ளன, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில்.

அடுத்தது தரை. பிரகாரத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி கிரானைட் பதிக்கிறோம். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி, குமுதம் எனும் கீழ் அடுக்குகள் புதைந்துபோகின்றன, அவற்றில் உள்ள கல்வெட்டுகளோடு சேர்த்து. மழைநீரும் வெளியேற வழியின்றிச் சுவரடியில் தேங்கும்.

கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் சுதை வேலைக்குச் (சுண்ணாம்புச் சிற்பங்களுக்கு) சிமெண்ட் பூசுவதும் தவறு. பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் உள்வாங்கிய ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த ஸ்தபதிகள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

சுவரில் பழைய வண்ணம் தெரிந்தால் சுரண்டவோ எனாமல் அடிக்கவோ கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்தது 1931-இல்தான் தெரியவந்தது.

எதையும் தொடுமுன் ஊர் இளைஞர்கள் எல்லாப் பக்கத்தையும் படமெடுக்கட்டும். பிரிக்கும் கற்களுக்கு எண் போடுங்கள், இல்லாவிட்டால் வரிகள் இடம் மாறிக் கல்வெட்டு படிக்க முடியாமல் போகும். உடைந்த சிலையையும் நடுகல்லையும் குளத்தில் போடாமல் ஓரமாக நிறுத்துங்கள். தோண்டும்போது செப்புத் திருமேனி கிடைத்தால், ஊருக்குள் வைத்துப் பூசை தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போயாக வேண்டும்.