போதையில் வரைந்த படங்கள் அல்ல: எழுபதுகளின் 'பெரியவர்கள் கார்ட்டூன்' பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம்) என்று போட்டிருந்ததை நம்பி, அக்கா மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து 'ஃபென்டாஸ்டிக் பிளானட்' போட்டேன். ஒரு பெண் கைக்குழந்தையை அணைத்தபடி விநோதமான செடிகளுக்கு நடுவே ஓடி வருகிறாள். பெரிய நீலக் கை ஒன்று வந்து மறிக்கிறது. சுண்டிவிடுகிறது. உருண்டு விழுந்தவள் எழுந்து ஓட, மறுபடி மறிக்கிறது. நம் பிள்ளைகள் எறும்போடு விளையாடுவார்களே, அப்படித்தான். கடைசியில் தூக்கிப் போட்டதில் அவள் அசையாமல் கிடக்கிறாள். "அந்த அம்மா எப்ப எந்திரிப்பாங்க?" என்று கேட்டாள் ஏழு வயதுக்காரி. படத்தை நிறுத்திவிட்டேன்.

அறுபதுகளின் இறுதியில் தொடங்கி எண்பதுகளின் தொடக்கம் வரை, ஹிப்பிகளும் வியட்நாம் போர் எதிர்ப்பும் மாணவர் கிளர்ச்சியும் சூடாக இருந்த காலத்தை ஒட்டி வந்த அனிமேஷன் படங்கள் இவை. நான் செய்த தவறு முத்திரையை நம்பியது. படங்களுக்கு வயது முத்திரை குத்தும் இந்தத் தரமுறை அமெரிக்காவில் 1968 நவம்பரில்தான் வந்தது. பி.ஜி.-13 என்ற நடுப்படி 1984 வரை கிடையாது. அதனால் அன்றைய பி.ஜி.க்குள் எதுவும் அடங்கிவிடும். ஹிட்லர் காலத்துப் பிரச்சாரப் படத்துண்டுகள் வரும் 'விசார்ட்ஸ்' (1977) கூட பி.ஜி.தான்.

இதே தவறை மறுபக்கமாகவும் செய்கிறோம். 'எக்ஸ்' என்றால் நீலப்படம் என்று முடிவுகட்டிவிடுவது. அப்போது எக்ஸ் என்றால் பெரியவர்களுக்கு மட்டும் என்று அர்த்தம், நம்மூர் 'ஏ' மாதிரி. 1969-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'மிட்நைட் கவ்பாய்' எக்ஸ் படம்தான். மற்ற முத்திரைகளுக்கு வணிகக் குறி (டிரேட்மார்க்) வாங்கிய தரமுறை அமைப்பு இதற்கு மட்டும் வாங்காமல் விட்டதால், ஆபாசப் பட வியாபாரிகள் தாங்களாகவே ஒன்று, இரண்டு, மூன்று எக்ஸ் என்று ஒட்டிக்கொண்டார்கள், பெயர் கெட்டது. 1972-இல் எக்ஸ் வாங்கிய 'ஃப்ரிட்ஸ் தி கேட்' கார்ட்டூன் படத்தின் விநியோகஸ்தர்கள் அந்த எழுத்தையே விளம்பரமாக்கிக் காசு பார்த்தார்கள். அதை நம்பிப் போய் உட்கார்ந்தவர்கள் பாதியில் குழம்பியிருப்பார்கள்.

சரி, எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் தவறுக்கு வருகிறேன். இந்தப் படங்களில் எதைக் காட்டினாலும் யாராவது ஒருவர், "கஞ்சா அடிச்சிட்டு வரைஞ்சிருப்பாங்க போல" என்பார். அனிமேஷன் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல வராது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டிரண்டு ஃபிரேமாக ஓட்டிச் சிக்கனம் பிடித்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும். அதைத் தள்ளாட்டத்தில் யாரும் செய்து முடிக்க முடியாது. இந்தப் படங்களின் விசித்திரத் தோற்றத்துக்குப் போதையைவிடப் பணத்தட்டுப்பாடும் கெடுவும்தான் பெரிய காரணம்.

'ஃப்ரிட்ஸ்' எப்படி உருவானது என்று பாருங்கள். பெரிய ஸ்டுடியோக்களில் பென்சில் படங்களை முதலில் கேமராவில் எடுத்து ஓட்டிப் பார்த்து, அசைவு சரியாக இருந்தால்தான் மையிட அனுப்புவார்கள். பென்சில் டெஸ்ட் என்பார்கள். இயக்குநர் ரால்ஃப் பக்ஷியிடம் அதற்குக் காசில்லை. தாள்கட்டைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் சரசரவென்று புரட்டிப் பார்ப்பார். பள்ளி நோட்டு ஓரத்தில் பொம்மை வரைந்து நாம் புரட்டுவோமே, அதேதான். நியூயார்க் தெருக்களைப் புகைப்படம் எடுத்து, மேலே பேனாக் கோட்டில் நகலெடுத்து, நீர்வண்ணம் பூசிப் பின்னணி ஆக்கினார்கள். படத்தில் வரும் குப்பைத்தொட்டியும் ஒழுகும் சுவரும் அவ்வளவு அசலாக இருப்பது அதனால்தான். குரல்களிலும் சில நிஜத் தெருக்குரல்கள். தொடக்கக் காட்சிக்கு இரண்டு கட்டடத் தொழிலாளிகளுக்குக் காசும் விஸ்கியும் கொடுத்துப் பேசவிட்டு டேப்பில் பிடித்தார் பக்ஷி. போதை என்று தேடினால் அந்த விஸ்கி அகப்படும், அவ்வளவுதான்.

'ஃபென்டாஸ்டிக் பிளானட்' (1973) பிராகில் உள்ள யிரி டிரன்கா ஸ்டுடியோவில் காகித உருவங்களைக் கத்தரித்து, நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தது. ஓவியர் ரோலான் டோபோரின் நுணுக்கமான பென்சில் நிழற்கோடுகளை அப்படியே காப்பாற்ற இயக்குநர் ரெனே லாலூவுக்கு அந்த முறைதான் தோது. ஜப்பானின் 'பெல்லடோனா ஆஃப் சேட்னெஸ்' (1973) பாதிக்கு மேல் அசையாத ஓவியங்கள். கேமராதான் அவற்றின் மேல் ஊர்ந்து போகும். கலை நோக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்த முஷி புரொடக்‌ஷன் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த வருடமே திவாலானது. 'விசார்ட்ஸ்' போர்க்காட்சிகளுக்கு ஸ்டுடியோ கூடுதல் பணம் தர மறுத்துவிட, பக்ஷி சொந்தக் காசைப் போட்டு, பழைய போர்ப் படங்களின் துண்டுகளை எடுத்து மேலே வரைந்து, கொம்பும் சிவப்புக் கண்ணும் வைத்து ஒப்பேற்றினார். பார்ப்பவனுக்கு அது கெட்ட கனவு மாதிரி இருக்கிறது. வரவுசெலவுக் கணக்கு தந்த கனவு.

யார் செய்தது என்பதிலும் தவறு மேல் தவறு. 'யெல்லோ சப்மரின்' (1968) படத்தை வரைந்தவர் அமெரிக்க ஓவியர் பீட்டர் மேக்ஸ் என்று இன்றும் எழுதுகிறார்கள். இல்லை. கலை வடிவமைப்பு ஹெய்ன்ஸ் எடல்மான் என்ற ஜெர்மன் ஓவியர். இயக்கம் ஜார்ஜ் டன்னிங். லண்டனில் சுமார் 200 கலைஞர்கள், பதினோரு மாதத்தில் முடித்தார்கள். படத்தில் வரும் பீட்டில்ஸ் இசைக்குழுப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்களும் பீட்டில்ஸ் அல்லர், நடிகர்கள். 'ஃப்ரிட்ஸ்' பூனையைக் காமிக்ஸில் உருவாக்கியவர் ராபர்ட் க்ரம்ப். படம் அவருக்குப் பிடிக்காமல் போய், அதே 1972-இல் வெளியிட்ட கதையில் ஒரு நெருப்புக்கோழிப் பெண்ணின் கையில் ஐஸ் குத்தும் ஊசியைக் கொடுத்துப் பூனையைக் கொன்றேவிட்டார். இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. 1974-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் பக்ஷி கணக்கில் எழுதாதீர்கள். அது ராபர்ட் டெய்லர் இயக்கியது. அதேபோல் 'பெல்லடோனா' ஜப்பானின் புகழ்பெற்ற காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசுகாவின் படமல்ல. முஷி அவர் தொடங்கிய நிறுவனம், ஆனால் அப்போது அவர் வெளியேறிவிட்டார். இயக்கியவர் எய்ச்சி யமமோட்டோ.

இதே யமமோட்டோ 1969-லேயே பெரியவர்களுக்காக 'ஆயிரத்தொரு இரவுகள்' எடுத்துவிட்டார் என்பதால், "உலகின் முதல் அடல்ட் கார்ட்டூன் ஃப்ரிட்ஸ்" என்பதும் நிற்காது. எக்ஸ் வாங்கிய முதல் அனிமேஷன் படம் என்று சொல்லுங்கள், அது சரி.

இவையெல்லாம் ஹிப்பிகளைக் கொண்டாடும் படங்கள் என்று நினைப்பது அடுத்தது. 'ஃப்ரிட்ஸ்' எப்படித் தொடங்குகிறது? உயரத்தில் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் தொழிலாளிகள், காலேஜ் பிள்ளைகள் கெட்டுப்போனதைப் பற்றிப் புலம்புகிறார்கள். ஒருவர் எழுந்து சிறுநீர் கழிக்கிறார். அது போய் விழுவது கீழே நடந்துபோகும் ஹிப்பியின் தலையில். அப்புறம் வரும் ஃப்ரிட்ஸ், புரட்சி பேசிப் பெண் பிடிக்கும் கல்லூரிப் பூனை. அவன் வாய்ச்சவடாலால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கலவரம் மூண்டு கறுப்பின மக்கள் சாகிறார்கள், அவன் தப்பி ஓடுகிறான். குண்டுபோடும் விமானங்களைப் பார்த்து மிக்கி மவுஸின் நிழலுருவம் கைதட்டுகிறது. புருக்ளினின் ஏழைப் பகுதியான பிரவுன்ஸ்வில்லில் வளர்ந்த பக்ஷிக்கு, வசதியான வீட்டுக் கலகக்காரர்கள் மேல் இருந்த கடுப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது.

அதற்காக எல்லாவற்றையும் 'நையாண்டி' என்று மன்னித்துவிடவும் முடியாது. இனவெறியைக் கிழிக்க பக்ஷி எடுத்த 'கூன்ஸ்கின்' (1975) படத்துக்கு எதிராகக் கறுப்பின அமைப்பு ஒன்று போராட்டம் நடத்த, பாரமவுண்ட் ஸ்டுடியோ கைகழுவியது. படத்தைப் பார்த்தால் பக்ஷி யார் பக்கம் என்பது புரியும். ஆனால் 'ஃப்ரிட்ஸ்' படத்தில் பெண்கள் படும் பாடு, அதிலும் சங்கிலியால் அடிபடும் அந்தக் காட்சி, யாரையும் கிழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'பெல்லடோனா' வன்கொடுமையில் தொடங்கும் படம். அது அந்தப் பெண்ணின் கோபத்தோடு கடைசிவரை நிற்கிறது என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்களையும் எனக்குத் தெரியும்.

வாரிசு விஷயத்தில் "பக்ஷி, சிம்ப்சன்ஸ், சவுத் பார்க்" என்று நேர்க்கோடு போடுவது சோம்பேறித்தனம். 'சிம்ப்சன்ஸ்' டிவி குடும்ப நகைச்சுவையின் பிள்ளை. பக்ஷியின் நேரடித் தொடர்ச்சி வேண்டுமானால், 1987-இல் அவர் டிவிக்குச் செய்த புதிய 'மைட்டி மவுஸ்' தொடரைப் பாருங்கள். அங்கே வேலை பார்த்த ஜான் கிரிக்ஃபலூசி 1991-இல் 'ரென் அண்ட் ஸ்டிம்பி' கார்ட்டூன் தொடரைக் கொண்டுவந்தார். இன்னொரு வாரிசு அனிமேஷனிலேயே இல்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனுக்கு அந்தக் கதை முதலில் அறிமுகமானது பக்ஷியின் 1978 படத்தில்தான்.

அக்கா மகளுக்கு அடுத்த ஞாயிறு 'யெல்லோ சப்மரின்' போட்டேன். பாட்டெல்லாம் பிடித்துவிட்டது. வில்லன்களான புளூ மீனிகள் வந்ததும் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இவங்களும் நீலமா?"