லினக்ஸ் டிரைவர் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுவது எப்படி?

தெரிந்தவர் ஒருவரின் டியூஷன் சென்டரில் பழைய டெஸ்க்டாப்களுக்கு வைஃபை டாங்கிள் வாங்கிப் போட்டோம். உபுண்டு லினக்ஸில் ஒன்றும் அசையவில்லை. விற்ற நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் கேட்டால், "விண்டோஸ் போட்டுக்கோங்க சார்" என்று முடித்துவிட்டார்கள். கடைசியில் தீர்வு வந்தது, ஆனால் அவர்களிடமிருந்து இல்லை. டாங்கிளுக்குள் இருந்த சிப்பைச் செய்தவர்களிடமிருந்து. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். டெர்மினல் திறக்கவும் லைவ் யூஎஸ்பி போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆதரவு நிஜமாகவே இல்லையா?

புதிய கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி; டிரைவர்கள் பெரும்பாலும் இதோடுதான் வரும்) உள்ள லைவ் யூஎஸ்பியில் போட்டுப் பாருங்கள். நான் ஃபெடோரா லினக்ஸைத்தான் எடுப்பேன். அதில் புதிய கெர்னல் சீக்கிரம் வரும். ரியல்டெக்கின் 8821சியூ, 8822பியூ போன்ற யூஎஸ்பி சிப்புகளுக்குக் கெர்னலுக்குள்ளேயே ஆதரவு வந்தது 2023இல், 6.2 பதிப்பில். அதற்கு முந்தைய கெர்னலை வைத்துக்கொண்டு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

படி 2: பெட்டியை மறந்துவிட்டுச் சிப்பைக் கண்டுபிடியுங்கள்

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

பெட்டியில் இருக்கும் மாடல் பெயர் எதையும் உறுதியாகச் சொல்லாது. டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் இதற்குப் பேர்போன உதாரணம். முதல் வெர்ஷனில் ஏத்தராஸ் சிப், லினக்ஸில் செருகினால் போதும். இரண்டாம் வெர்ஷனில் உள்ளே ரியல்டெக் சிப். பெயர் அதே, பெட்டியும் கிட்டத்தட்ட அதே. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும் வெர்ஷன் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள், கடிதத்தில் அது வேண்டும்.

அடுத்து, செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. நடுவில் முக்காற்புள்ளி வைத்து, நான்கு இலக்கம் வீதம் இரண்டு எண்கள் வரும். முதலாவது நிறுவனத்துடையது, இரண்டாவது சாதனத்துடையது; இரண்டும் சேர்ந்ததுதான் ஐடி. கணினிக்குள் பொருத்திய பிசிஐ அட்டை என்றால் எல்எஸ்பிசிஐ, எண்கள் தெரிய -nn சேர்த்து; அங்கே 8086 என்று கண்டால் இன்டெல்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல டாங்கிள்கள் செருகியதும் தங்களை சிடி டிரைவ் என்றுதான் சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை அதற்குள்ளேயே வைத்து விற்பதற்கான ஏற்பாடு அது. அப்போது தெரியும் ஐடி அந்தப் பொய் சிடியுடையது. அதை அனுப்பினால் பொறியாளருக்கு ஒன்றும் புரியாது, பதிலும் வராது. சாதனத்தை சிடி வேடத்திலிருந்து மாற்றும் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிரலை நிறுவி, சாதனம் வேடம் மாறிய பிறகு திரும்பவும் எல்எஸ்யூஎஸ்பி ஓட்டுங்கள். இரண்டு ஐடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐடியை இணையத்தில் தேடிச் சிப் எது என்று தெரிந்ததும், அந்தச் சிப்புக்குக் கெர்னலில் டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். பல சமயம் டிரைவர் இருக்கும், உங்கள் டாங்கிளின் ஐடி மட்டும் அதன் பட்டியலில் இருக்காது. எங்களுக்கும் அதுதான் நடந்தது. சோதிக்க வழி உண்டு: சிஸ் கோப்பமைப்பில் (கெர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) யூஎஸ்பி டிரைவர்கள் இருக்கும் இடத்தில், அந்தந்த டிரைவரின் பெயருக்குக் கீழே நியூ_ஐடி என்று ஒரு கோப்பு இருக்கும். ரூட்டாக (நிர்வாகி அனுமதியோடு) இருந்து உங்கள் ஐடியை அதில் எழுதினால், டிரைவர் சாதனத்தைப் பிடித்துப் பார்க்கும்.

இரண்டு எண்ணை மட்டும் எழுதாதீர்கள். சில டிரைவர்கள் ஒவ்வொரு ஐடியோடும் சிப் பற்றிய தகவலைச் சேர்த்து வைத்திருக்கும். அது இல்லாத ஐடியைக் கொடுத்தால் கெர்னல் சுருண்டுவிடும். ஐந்து எண்களாக எழுதுங்கள்: உங்கள் இரண்டு, நடுவில் ஒரு 0, அப்புறம் அதே சிப்பில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் வேறொரு சாதனத்தின் இரண்டு. இதைச் செய்து வைஃபை எழும்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவை (லாக்) சேமியுங்கள்.

படி 3: யாருக்கு எழுதுவது

பிராண்டின் கஸ்டமர் கேருக்கு வேண்டாம். அவர்களிடம் டிரைவர் கோடு இருக்காது. சிப் நிறுவனம் கொடுத்த ஜிப் கோப்பைத்தான் தளத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். கெர்னல் மூலக்கோட்டில் மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பு உண்டு. எந்த டிரைவரை யார் கவனிக்கிறார்கள் என்பது மின்னஞ்சலோடு அதில் இருக்கும். பல இடங்களில் அது சிப் நிறுவனத்தின் பொறியாளராகவே இருப்பார். அவருக்கும் அந்தப் பிரிவின் அஞ்சல் பட்டியலுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். வெறும் டெக்ஸ்ட்டாக இருக்கட்டும். எச்டிஎம்எல் அஞ்சலைப் பட்டியல் திருப்பிவிடும். நான் இதற்கென்றே தண்டர்பேர்டு வைத்திருக்கிறேன்.

படி 4: எவ்வளவு சின்னதாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சின்னதாக

"லினக்ஸுக்கு ஆதரவு தாருங்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு அது ஒரு வருட புராஜெக்டாகத் தெரியும். ஐடியை உறுதிசெய்யச் சொல்லுங்கள், அது ஒரு வரி பதில். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் நிரலை) மற்றவர்களும் விநியோகிக்க அனுமதி. அதற்கும் மேல் சிப்பின் ஆவணம். முழு டிரைவர் கடைசி.

2004 வாக்கில், லினக்ஸ் போன்ற இன்னொரு திறமூல இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் வைஃபை நிறுவனங்களை மல்லுக்கட்டியபோது கேட்டதில் முக்கியமானது இந்த ஃபர்ம்வேர் அனுமதிதான். கோடு கேட்டால் வக்கீல்கள் வருவார்கள், விநியோக அனுமதி கேட்டால் அவ்வளவு பயம் இல்லை. 2007இல் லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இன்னொரு பக்கமாக வந்தார்: ஆவணம் கொடுங்கள், கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பொறியாளரைக் காட்டுங்கள், டிரைவரை நாங்கள் இலவசமாக எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமானாலும் போடலாம் என்று அறிவித்தார்.

வைஃபையில் வரும் வழக்கமான மறுப்பு, "அலைவரிசை விதிமுறை இருக்கிறது, கோட்டைத் திறக்க முடியாது" என்பது. இன்டெலும் இதையே சொன்னது. 2006இல் வந்த அதன் 3945 டிரைவரோடு மூடிய நிரல் ஒன்றையும் ஓட்ட வேண்டியிருந்தது. அடுத்த வருடமே அந்தக் கட்டுப்பாட்டைச் சிப்பின் ஃபர்ம்வேருக்குள் தள்ளிவிட்டு, புதிய டிரைவரை அந்த நிரல் இல்லாமலே வெளியிட்டது. யாராவது இந்தக் காரணத்தைச் சொன்னால் இதைப் பணிவாக எடுத்துக்காட்டுங்கள்.

படி 5: கடிதம்

ஆங்கிலத்தில்தான் போகும், ஆனால் உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

"இந்த மாடல், ஹார்டுவேர் வெர்ஷன் 2. யூஎஸ்பி ஐடி இது. உள்ளே இருக்கும் சிப்புக்குக் கெர்னலில் டிரைவர் உண்டு. நியூ_ஐடி வழியாகச் சேர்த்துச் சோதித்தேன், இணைப்பு நிலையாக இருக்கிறது. லாக் கீழே. இந்த ஐடி உங்கள் சிப்புக்கு உரியதுதானா என்று உறுதிசெய்தால் பேட்சை (கோட்டில் செய்ய வேண்டிய மாற்றத்தை) நானே அனுப்புகிறேன்."

சுதந்திர மென்பொருள் தத்துவம், வாழ்நாள் வாடிக்கையாளரின் வருத்தம் எதுவும் வேண்டாம். படிப்பவர் பொறியாளர். அவருக்கு ஐந்து நிமிட வேலையாகத் தெரிந்தால் செய்துவிடுவார். எங்களுக்கு வந்த பதில் இரண்டு வரிதான், அதுவே போதுமாக இருந்தது.

படி 6: அசையவில்லை என்றால்

கையெழுத்து இயக்கங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2012இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வல்ட்ஸ், கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவுக்கு நடுவிரல் காட்டிய வீடியோவை உலகமே பார்த்தது. அந்த நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் மாட்யூல்களின் (கெர்னலில் ஏறும் பகுதிகளின்) கோட்டைத் திறந்தது 2022 மே மாதம். பத்து வருடம்! விரலுக்கு அசைந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. சர்வர் அறை வைத்திருக்கும் பெரிய வாடிக்கையாளர்கள்தான் காரணமாக இருக்க வேண்டும்.

நம்மிடம் சர்வர் அறை இல்லை, ஆனால் கொள்முதல் இருக்கிறது. பள்ளி, அலுவலகம், கூட்டுறவு வங்கி என எங்கே மொத்தமாக வாங்கினாலும் கொட்டேஷன் கேட்கும்போதே "கெர்னலோடு வரும் டிரைவரில் இயங்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். "லினக்ஸ் ஆதரவு" என்று மட்டும் எழுதினால், எந்தக் காலத்துக் கெர்னலுக்கோ எழுதிய ஜிப் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிப்பார்கள்.

அப்படி ஜிப் கிடைத்தால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிரைவரைத் தானாகத் திரும்பக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் வைஃபை போகும்.

பின்சேர்க்கை: டிகேஎம்எஸ் பிழையில்லாமல் முடிந்தும் டிரைவர் ஏறவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் கணினிப் பாதுகாப்பு) இயங்குகிறதா பாருங்கள். மாட்யூலுக்குக் கையொப்பம் வேண்டும். நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை, ரீபூட்டில் வரும் நீலத்திரையில் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில நொடிகளில் போய்விடும்.

இன்னொன்று: பிரிண்டருக்கும் இதே வழியா என்று கேட்கிறார்கள். முதலில் அதில் ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் அச்சிடுவதற்கான பொது முறைகள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவரே தேவையில்லை, லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். சின்ன தெர்மல் பில் பிரிண்டர் என்றால், பெரும்பாலும் சீனத் தயாரிப்பாளரிடம் லினக்ஸ் டிரைவர் ஏற்கெனவே இருக்கும், இங்கே விற்பவருக்குத்தான் தெரியாது. நேரடியாகத் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலும் சீனப் புத்தாண்டுச் சமயத்திலும் மட்டும் பதில் எதிர்பார்க்காதீர்கள், அங்கே விடுமுறை.